ஒரு பல் வைத்தியரின் பெயரும் ஓரிரவு நித்திரையும்

ஸ்டென்ட் எண்டால் எங்களுக்கு இதயம்தான் ஞாபகம் வரும். பக்கத்து வீட்டு ஐயாவுக்கு வைச்சது எண்டு கேள்விப்பட்டிருப்போம். புற்றுநோய்க்காரருக்கும் அதை வைக்கிறார்கள், அதுவும் நாளத்துக்குள்ளே எண்டு அறிந்தபோது, வரலாறு படிக்கிற எங்களுக்கு அதன் கதையைத் தேடத் தோன்றியது.

முதலில் பெயர். சார்ள்ஸ் ஸ்டென்ட் 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பல் வைத்தியர். பல் அச்செடுக்க அவர் உருவாக்கிய கலவையை, முதலாம் உலகப்போர்க் காலத்தில் யொஹானஸ் எஸ்ஸர் என்ற டச்சு சத்திரசிகிச்சை நிபுணர், காயப்பட்ட முகங்களில் ஒட்டிய தோலைத் தாங்கிப்பிடிக்கப் பயன்படுத்தினார். பிறகு உடம்பில் எதையும் தாங்கிப்பிடிக்கிற பொருளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்து நோய். தலையிலும் கைகளிலும் இருந்து வரும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருவது மேற்பெருநாளம். சுவர் மெல்லியது, நெரித்தால் லேசாக நசுங்கிவிடும். 1757இல் வில்லியம் ஹன்டர் இதை விவரித்தபோது நெரித்தது பெருநாடியில் வந்த வீக்கம். இன்றைக்குப் பெரும்பாலும் நுரையீரல் புற்றுநோய். முகம் வீங்கும், கழுத்து நாளங்கள் புடைக்கும், மூச்சு முட்டும். படுத்தால் இன்னும் மோசம். கதிரையில் சாய்ந்தபடிதான் இரவைக் கழிக்கவேணும்.

கதிர்சிகிச்சையால் கட்டி சுருங்க வாரக்கணக்கில் செல்லலாம். வேறு வழி 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தொடங்கியது. காலை வெட்டச் சம்மதிக்காத 82 வயதுப் பெண்ணின் கால் நாடி அடைப்பை, சார்ள்ஸ் டொட்டர் மெல்லிய குழாயை உள்ளே செலுத்தியே திறந்தார். பின்னர் இத்தாலியில் பிறந்த சேசரே ஜன்டூர்கோ, விட்டவுடன் தானாக விரிகிற வளைவுநெளிவான உருக்குக் கம்பி ஸ்டென்டை உருவாக்கினார். 1986இல் ஹூஸ்டனின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலைய வைத்தியர்கள், பெருநாள அடைப்புக்கு இப்படியான ஸ்டென்ட் வைத்த ஆரம்ப அனுபவங்களை வெளியிட்டார்கள்.

இப்போது தொடை நாளத்தாலோ கழுத்து நாளத்தாலோ அதைச் செலுத்துகிறார்கள். பலருக்கு ஓரிரு நாளிலேயே வீக்கம் வடியத் தொடங்கும். ஆனால் கட்டி அப்படியேதான் இருக்கும். அதுக்கு மருந்தும் கதிரும் வேறாகத்தான் வேணும்.

மருத்துவ வரலாறு எண்டால் நோயை வென்ற கதைகளைத்தான் நாங்கள் படித்து வளர்ந்தோம். இது வென்ற கதை இல்லை. கதிரையில் இருந்தே விடியலைப் பார்த்த ஒருவர், கட்டிலில் கால் நீட்டிப் படுக்கிற கதை. இதையும் நாங்கள் வரலாறாகத்தான் எழுதவேணும்.