பாரீசில் பிறந்து கிராமத்தில் வளர்ந்த பிள்ளைகள்

பிள்ளையை டவுனில் வளர்ப்பது நல்லதா, கிராமத்தில் வளர்ப்பது நல்லதா என்று காலை நடையில் நண்பர்களுக்குள் பேச்சு வந்தது. "கிராமத்துக் காத்து ஒண்ணே போதும் சார்" என்றார் ஒருவர். பிரெஞ்சில் படித்தவன் நான். எனக்குப் பழைய பாரீஸ் நினைவுக்கு வந்தது.

1780 வாக்கில் பாரீஸ் போலீஸ் தலைவராக இருந்த லெனுவார் ஒரு கணக்கு எழுதிவைத்திருக்கிறார். நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 21,000 குழந்தைகள் பிறந்தன. பெற்ற தாயிடமே பால் குடித்தவை ஏறக்குறைய 1,000. இன்னொரு 1,000 குழந்தைகளுக்கு வீட்டோடு செவிலித்தாய். மற்றவை எல்லாம் வெளியே, பெரும்பாலும் தொலைவான கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன.

அனுப்பியவர்கள் பிரபுக்கள் மட்டுமல்ல. பட்டறைத் தொழிலாளிகளும் சிறு கடைக்காரர்களும்தான் அதிகம். மனைவியும் வேலை செய்தால்தான் வாடகை கட்ட முடியும். புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை பிழைப்பது அரிது. கிராமத்துக் காற்று நல்லது என்ற நம்பிக்கையும் இருந்தது. தரகர்கள் வண்டியில் பச்சைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். செவிலிகளை அமர்த்த 1769-இல் அரசே ஓர் அலுவலகம் திறந்தது.

1762-இல் 'எமில்' எழுதிய ரூசோ, தாயே பாலூட்ட வேண்டும், பிள்ளை கிராமத்தில் வளர வேண்டும் என்றார். அவரே தம் ஐந்து குழந்தைகளையும் அநாதைப் பிள்ளைகள் விடுதியில் விட்டவர் என்பது வேறு விஷயம்.

கிராமம் போன பிள்ளைகளில் ஏராளமானவர்கள் திரும்பவில்லை. செவிலியும் ஏழைதான். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குழந்தைகளை வாங்கிக்கொள்வாள். சம்பளம் நின்றால் கவனிப்பும் குறையும். பிள்ளை இறந்த செய்தி பெற்றோருக்குத் தாமதமாகவே போகும். 1860-களில் புரோஷார், மோனோ என்ற இரண்டு டாக்டர்கள் இந்தச் சாவுகளை எண்ணி எழுதிய பிறகுதான் நாடு திடுக்கிட்டது. 1874 டிசம்பர் 23-இல் டாக்டர் ருசேல் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கூலிக்கு வளர்க்க விட்டால் மேரியில் பதிய வேண்டும். செவிலிக்குச் சான்றிதழ் வேண்டும். டாக்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு ரெஜிஸ்தர் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்று படித்தபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் வீட்டுக் கதை வேறு.

1979-இல் நானும் மனைவியும் வேலைக்குப் போனோம். ஒன்றரை வயது மகளைப் பாகூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் அம்மாவிடம் விட்டோம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் விலாசம் எழுதிய தபால் கார்டுகளைப் பள்ளி வாத்தியாரிடம் கொடுத்துவைத்தேன். வாரம் ஒரு கார்டு வரும்: "குழந்தை நலம்." அதை நம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் போனால் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பிள்ளைக்கு அம்மை போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "ஆத்தா வந்திருக்கும்போது கார்டுல எழுதுவாங்களாடா? வந்து பாக்கறதுதானே" என்றாள் அம்மா.

என் மகள் பிழைத்துக்கொண்டாள். அம்மா பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள், காற்று அல்ல. கார்டு வந்தது என்று நான் நிம்மதியாக இருந்ததை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ருசேல் சட்டத்தில் ரெஜிஸ்தரோடு டாக்டரின் வருகையும் ஏன் இருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அதே மகள் பின்னாளில் பாரீசுக்குப் பக்கத்தில் குடியேறினாள். தன் பிள்ளையை உரிமம் பெற்ற ஓர் அம்மாளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அந்தப் பழைய செவிலித் தொழில்தான். 1977 முதல் அதற்கு 'அசிஸ்தாந்த் மதேர்னெல்' என்று பெயர். தினமும் மாலை தானே போய்ப் பிள்ளையை அழைத்து வருவாள். ஒரு நாள்கூடத் தவறமாட்டாள்.

ஏன் என்று நான் கேட்டதில்லை.