கழியும் நாழியும்: சிறார் சாகசப் புனைவில் கணக்கு வந்ததும் போனதும்

ஜூல்ஸ் வெர்னின் ‘மர்மத் தீவு’ (1874–75) நாவலில் பொறியாளர் சைரஸ் ஸ்மித் ஒரு பாறைச் சுவரின் உயரத்தை அளக்கிறார். முக்கியக் கருவி, ஒரு கழி. தரைக்கு மேல் 10 அடி நிற்கும்படி அதை நட்டு, அதன் நுனியும் பாறையின் உச்சியும் ஒரே கோட்டில் தெரியும்வரை பின்வாங்கி மண்ணில் படுக்கிறார். கண்ணிலிருந்து கழிக்கு 15 அடி, பாறைக்கு 500 அடி. வடிவொத்த முக்கோணங்களின் விகிதப்படி உயரம் 333 அடி. கூட நின்று கற்பவன் ஹெர்பர்ட் என்ற பதினைந்து வயதுப் பையன். தீவின் தீர்க்கரேகையும் இப்படியே பிடிபடுகிறது. தீவில் உச்சிப்பொழுதாகும்போது ரிச்மண்ட் நேரம் காட்டும் கடிகாரத்தில் மாலை 5. மணிக்கு 15 பாகை வீதம் 75. அதோடு ரிச்மண்டின் 77ஐக் கூட்டினால் மேற்கே 152. தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்களுக்கு இந்தக் கூட்டல்தான் கதையின் உச்சகட்டம்.

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் நின்று அண்ணாமலையை இதே வழியில் அளக்க முடியாது. சுமார் 800 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்கு நேர் கீழான புள்ளி மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதுவரை நாடா பிடிக்க வழியில்லை. சமதரையில் மலையை நோக்கி ஓர் அடிக்கோடு அளந்து, அதன் இரு முனைகளிலும் உச்சியின் ஏற்றக்கோணத்தைக் குறிக்க வேண்டும். அடிக்கோடும் கோணங்களும் கொண்டு எட்டாத தொலைவைக் கணக்கிடும் இந்தக் கலையைக் கொண்டுதான் வில்லியம் லாம்டன் தம் நில அளவையை 1802இல் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோட்டுடன் தொடங்கினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் மோதிச் சேதமடைந்தது. எந்த நாவலாசிரியரும் பொறாமைப்படக்கூடிய காட்சி அது. இத்தகைய நில அளவையை வெர்ன் முழு நாவலாகவே எழுதினார். 1872இல் வந்த அந்நூலில், ஆங்கிலேயர் மூவரும் ரஷ்யர் மூவரும் தென்னாப்பிரிக்காவில் தீர்க்கரேகை வில் ஒன்றை அளக்கிறார்கள். கிரிமியப் போர்ச் செய்தி எட்டியதும் இரு அணிகளாகப் பிரிகிறார்கள்.

இந்தக் கணக்கு எங்கே தொலைந்தது? முதல் பழி மொழிபெயர்ப்புக்கே. வெர்னின் ‘கடலடியில் இருபதாயிரம் லீக்’ நாவலை 1872இல் ஆங்கிலமாக்கிய லூயிஸ் மெர்சியர், மூலத்தில் ஏறக்குறைய கால்பங்கை வெட்டினார்; வெட்டுப்பட்டவற்றில் அறிவியல் பகுதிகள் ஏராளம். நீரைப்போல் 7.8 மடங்கு அடர்த்தியுள்ள எஃகு அவர் கையில் நீரைவிட இலேசாகிவிட்டது. நெடுங்காலம் பரவலாக வாசிக்கப்பட்ட ஆங்கில வடிவம் இதுதான். பள்ளித் துணைப்பாடச் சுருக்கங்கள் மேலும் குறைத்தன. மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பவரை அந்நாவலின் கேப்டன் நீமோ காப்பாற்றும் அத்தியாயத்தில், சுருக்குபவரின் கத்தரிக்குச் சுறா தப்பிப் பிழைக்கும், சிப்பியியல் பிழைக்காது.

1972இல் சிவகாசி முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு வந்தபோது அறிவியல் மந்திரமாகியிருந்தது. மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைவார், எஃகுக் கை மட்டும் மறையாது. ஏன் என்று விளக்கக் கதை மெனக்கெடவில்லை. வாசித்த எங்களுக்கும் அது குறையாகப் படவில்லை.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1987இல் தொடங்கியபின் ‘ஏன்’ என்ற கேள்வி சிறார் வாசிப்புக்குள் மீண்டும் அழுத்தமாக நுழைந்தது. ஆயிஷா இரா. நடராசனின் ‘விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்’ 2014இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. வெர்னை விட்டு, நமக்குப் பழகிய வேதாள மரபை அவர் பற்றிக்கொண்டது புத்திசாலித்தனம். ஆனால் புதிருக்கு விடை சொன்னதும் வேதாளம் முருங்கைமரம் ஏறிவிடும். ஸ்மித்தின் 333 அடியையோ, வாசிக்கும் சிறுவன் தாளும் பென்சிலும் எடுத்துத் தானே சரிபார்க்கலாம்.