சந்தாவில் தொடங்கிய மருத்துவம்: ஒரு வரலாற்றுப் பார்வை



நமது பைத்துல்மாலுக்கு வரும் உதவி மனுக்களை எடுத்து நோக்கினால், மருத்துவச் செலவுக்காக வருபவையே மிகுதி. கல்விக்கும் திருமணத்திற்கும் ஓரளவு முன்கூட்டியே சேமித்து வைக்க இயலும். நோயோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் நகை போகிறது, அடுத்து நிலம் போகிறது, அதன் பின்னரே மனு வருகிறது. செல்வ நாடு என்று நாம் எண்ணும் பிரிட்டனிலும் 1948 வரை எளியோர் இத்தகைய அச்சத்தோடுதான் வாழ்ந்தனர். அந்நிலை மாறிய வரலாற்றின் வேர், சந்தா வசூலித்து நடந்த ஓர் ஊர்ச் சங்கத்தில் இருக்கிறது. அதனாலேயே இதனை நமது மலரில் எழுதத் துணிந்தேன்.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் நன்கொடையால் நடந்த தரும மருத்துவமனைகள் ஒருபுறம் இருந்தன. மறுபுறம், ஏழையர் சட்டத்தின்கீழ் அமைந்த விடுதிகளிலிருந்து வளர்ந்த மருத்துவமனைகள் இருந்தன. அங்குச் சென்று படுப்பதையே மக்கள் அவமானமாகக் கருதினர். தரும மருத்துவமனைகளிலும் 'அல்மோனர்' எனப்பட்ட அலுவலர் அமர்ந்திருப்பார். வருவாய் எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர், எவ்வளவு கொடுக்க இயலும் என்றெல்லாம் விசாரித்து, நோயாளி செலுத்த வேண்டிய பங்கினை அவரே முடிவு செய்வார். வலியோடு வந்தவர் தம் வறுமையையும் எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

1911 இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொணர்ந்தார். ஆண் தொழிலாளியிடம் வாரம் 4 பென்னி பெறப்பட்டது. முதலாளி 3 பென்னியும் அரசு 2 பென்னியும் அளித்தன. காப்பீடு பெற்றவருக்கு மருத்துவரும் மருந்தும் கிடைத்தது உண்மையே. ஆயின் அவர்தம் மனைவி மக்களுக்கு அது கிடைக்கவில்லை. மனைவிக்கு வாய்த்தது மகப்பேற்றுத் தொகை ஒன்றே. பொதுவான மருத்துவமனைச் சிகிச்சையும் திட்டத்தில் அடங்கவில்லை. 1930களின் இறுதியில்கூட மக்களுள் பாதிக்கும் குறைவானோரே இதன் நிழலில் இருந்தனர். உழைப்பவன் நலமாக இருந்தால் போதும் என்பது போன்ற இக்கணக்கில், வீட்டிலிருந்த பெண்மணிகள் தம் நோயை மறைத்துக்கொண்டே காலம் தள்ளினர்.

இச்சட்டத்திற்கு முன்னரே, தெற்கு வேல்ஸில் டிரெடிகர் என்னும் சுரங்க ஊரார் வேறொரு வழி கண்டிருந்தனர். 1890 இல் அங்கு மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று அமைந்தது. நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பாலையிலும் உழைத்தோர், தம் ஊதியத்தில் பவுண்டு ஒன்றுக்குச் சில பென்னிகளைச் சந்தாவாக அளித்தனர். அதிகம் ஈட்டியவர் அதிகம் கொடுத்தார். குறைவாக ஈட்டியவர் குறைவாகக் கொடுத்தார். சிகிச்சை மட்டும் இருவருக்கும் ஒன்றே. குடும்பத்தாரும் இதில் சேர்த்தி. தொழிலாளர் அல்லாத ஊராரும் சந்தா செலுத்திச் சேரலாயினர். 1920களில் மருத்துவர்கள், அறுவை மருத்துவர், மருந்தாளுநர், பல் மருத்துவர், செவிலியர் என ஒரு சிறு மருத்துவத்துறையையே அச்சங்கம் நடத்தியது. ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் மிகப் பெரும்பாலோர் அதன் பயனைப் பெற்றனர். 1921 முதல் 1924 வரை அங்குப் பணியாற்றிய மருத்துவர் ஏ. ஜே. குரோனின், பின்னர் 1937 இல் 'தி சிட்டாடல்' என்னும் புகழ்பெற்ற நாவலை எழுதினார். இத்தகைய சங்கத்தின் குறைகளையும் அவர் மறைக்கவில்லை.

அவ்வூரில் 1897 இல் பிறந்தவர் அனைரின் பெவன். 13 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு அவர் தந்தை 1925 இல் மாண்டார். அந்நோய் அன்று தொழில்நோயாக ஏற்கப்படாமையால் இழப்பீடு ஏதும் கிடைக்கவில்லை. ஊர் மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் பணியாற்றிய பெவன், 1929 இல் நாடாளுமன்றம் சென்றார். 1945 இல் தொழிற்கட்சி ஆட்சி அமைத்தபோது நலவாழ்வு அமைச்சரானார். டிரெடிகரார் நெடுங்காலம் பெற்று வந்ததை நாடு முழுமைக்கும் விரிப்பதே தம் நோக்கம் என்னும் பொருள்பட அவர் பேசியதாகக் கூறுவர்.

அதற்கு முன்னரே, 1942 டிசம்பரில் வெளிவந்த வில்லியம் பெவரிட்ஜின் அறிக்கை பாதை அமைத்திருந்தது. பெவரிட்ஜ் பிறந்தது அன்றைய வங்காளத்தின் ரங்பூரில். பாபர் நாமாவையும் குல்பதன் பேகத்தின் ஹுமாயூன் நாமாவையும் ஆங்கிலத்தில் தந்த அன்னெட் பெவரிட்ஜ் அவருடைய தாயார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

பெவனின் சட்டம் 1946 இல் நிறைவேறியது. மருத்துவமனைகளை ஊராட்சி அமைப்புகளிடமே விட்டுவிட வேண்டும் என்று சக அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் வாதிட்டார். பெவன் இசையவில்லை. செல்வமிக்க ஊருக்கு நல்ல மருத்துவமனையும் வறிய ஊருக்கு மட்டமானதும் அமைவதை அவர் ஏற்கவில்லை. தம் சொந்த ஊர்ச் சங்கத்தின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார் என்றே கருதுகிறேன். ஓர் ஊரின் கூலியை நம்பி நிற்கும் நிதி, சுரங்கம் மூடப்பட்டால் என்னாகும்? ஆகவே செலவின் பெரும்பகுதி பொதுவரியிலிருந்தே எடுக்கப்பட்டது.

கடும் எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து வந்தது. அரசின் சம்பள ஊழியராகி விடுவோம் என்று அவர்கள் அஞ்சினர். 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தே வாக்களித்தனர். பெவன் விட்டுக்கொடுத்தார். பெரிய மருத்துவ வல்லுநர்கள் அரசு மருத்துவமனையிலேயே கட்டணப் படுக்கை வைத்துத் தனித்தொழில் செய்யவும் இடமளித்தார். பொது மருத்துவர்கள் சம்பள ஊழியராக்கப்பட மாட்டார்கள் என்றும் உறுதி கூறினார். அந்தக் கட்டணப் படுக்கைகள் பின்னாளிலும் சச்சரவுக்குக் காரணமாயின.

1948 ஜூலை 5 அன்று தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கிற்று. மான்செஸ்டர் அருகே பார்க் மருத்துவமனையில் பெவன் அதனைத் தொடங்கி வைத்தார். மறுநாளிலிருந்தே மருத்துவர்களின் வாயிலில் கூட்டம். அவர்களுள் பெண்கள் மிகுதி. கருப்பை இறக்கம், குடலிறக்கம் போன்ற நோய்களை ஆண்டுக்கணக்கில் வெளியில் சொல்லாமல் பொறுத்திருந்தவர்கள் அவர்கள். கடைகளில் தாமே பொறுக்கியெடுத்த கண்ணாடியோடு காலம் கழித்தவர்களும் வந்தனர். முதலாண்டில் வழங்கப்பட்ட மூக்குக் கண்ணாடிகள் 50 இலட்சத்திற்கும் மேல். பிற்காலத்தில் இப்பணியைத் தாங்கி நின்றோருள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளிலிருந்து சென்ற மருத்துவர்கள் பலர். பெவனின் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் அவர்கள் குடும்ப மருத்துவர்களாக விளங்கினர்.

செலவு மதிப்பீட்டை வெகுவாக மீறியது. 1951 இல், கொரியப் போர்க்காலப் படைச்செலவின் நெருக்கடியில், நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் செயற்கைப் பற்களுக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களிடம் பெற முடிவு செய்தார். அவ்வாண்டில் மிச்சமாகக் கூடியது சுமார் 1 கோடியே 30 இலட்சம் பவுண்டு. அப்போது தொழிலாளர்துறை அமைச்சராக இருந்த பெவன், ஏப்ரலில் பதவி விலகினார். இத்தனைச் சிறு தொகைக்காகவா என்று கேட்டோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். 1949 இல் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் விதிக்க இடந்தரும் திருத்தத்திற்கு அவரே உடன்பட்டிருந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. பிடிவாதம்தான், ஆயினும், வாயிலில் ஒருமுறை பணம் கேட்கத் தொடங்கினால் அது அத்தோடு நிற்காது என்ற அவர் அச்சம் பொய்க்கவில்லை. அடுத்து வந்த ஆட்சியில், 1952 இல், மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் விதிக்கப்பட்டது. 1965 இல் நீக்கப்பட்டு, 1968 இல் மீண்டும் வந்தது. இங்கிலாந்தில் அக்கட்டணம் இன்றும் உண்டு. பெவன் பிறந்த வேல்ஸில், பிரிட்டனிலேயே முதலாவதாக, 2007 ஏப்ரல் 1 அன்று அது முற்றிலும் எடுக்கப்பட்டது.