மகள் பெயரில் சாலை, பெற்றோருக்கு நாள்கூலி

2022 அக்டோபரில் ஒரு செய்தி நாடு முழுக்கப் பகிரப்பட்டது. ஜார்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குச் சாலை போடுகிறார்கள். அந்த ஊர்ப் பெண் அஸ்தம் ஒராவோன், இந்தியாவின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்குக் கேப்டன் ஆகிவிட்டார். அவரைக் கௌரவிக்கத்தான் அந்தச் சாலை. அந்தச் சாலையில் கூலி வேலை பார்த்தவர்களில் அவருடைய அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். நாள்கூலி 250 ரூபாய். மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டில் டி.வி. இல்லை. மாவட்ட நிர்வாகம் கொண்டுவந்து வைத்தது.

பலரும் நெகிழ்ந்தார்கள். நெகிழ்ந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள். தோழர்களே, நாம் அப்படிப் போக முடியாது. சாலையும் டி.வி.யும் ஏன் கேப்டன் ஆன பிறகு வந்தன? அதற்கு முந்தைய பதினாறு ஆண்டுகள் அரசு எங்கே இருந்தது? இந்த அணியின் வரலாற்றைப் படித்தால் பதில் கிடைக்கிறது.

முதலில் தெற்காசியா. 2017 டிசம்பரில் டாக்காவில் நடந்த 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியா வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றது. 2018இல் பூட்டானில் அதே வங்கதேசத்தை 1-0 என்று வென்றது. 2019இல் மறுபடியும் அதே இரண்டு அணிகள். பெனால்டி ஷூட் அவுட்டில் இந்தியா கோப்பையைத் தக்கவைத்தது. 2017இல் கோப்பையை வென்ற வங்கதேச அணியின் கேப்டன் மரியா மண்டா, மைமன்சிங் பகுதியின் காரோ பழங்குடிப் பெண். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியவர்களில் பழங்குடிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஜார்கண்டில் இது தற்செயல் இல்லை. அங்கே கிராமங்களில் 'கஸ்ஸி' போட்டிகள் என்று உண்டு. ஜெயிக்கும் அணிக்குப் பரிசு ஓர் ஆட்டுக்கடா. கால்பந்தும் ஹாக்கியும் அந்த மக்களின் திருவிழா வாழ்க்கையோடு கலந்தவை. ஒராவோன் மக்களின் குடுக் மொழி நம் தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாவட்டத்தின் மலைகளிலிருந்து பாக்சைட் பல பத்தாண்டுகளாக வெட்டி எடுக்கப்படுகிறது. மண்ணுக்கு மேலே இருந்த மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அந்தச் சாலையே சாட்சி.

இனி உலகக் கோப்பைக்கு வருவோம். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையை 2020இல் இந்தியாவில் நடத்துவதாக இருந்தது. கொரோனாவால் 2021க்குத் தள்ளிப்போனது, பிறகு ரத்தானது. 2022 போட்டியை நடத்தும் உரிமை மறுபடி இந்தியாவுக்கு வந்தது. ஆனால் 2020க்காகத் தயாரான பெண்களுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. வயது வரம்புள்ள ஆட்டத்தில் இரண்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அந்தப் பெண்களைப் பற்றி யாரும் நெகிழ்ச்சிச் செய்தி எழுதவில்லை.

2022இல் அணிக்கு நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பியப் பயணத்தின்போது துணைப் பயிற்சியாளர் மீது பாலியல் அத்துமீறல் புகார் எழுந்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார், போக்சோ வழக்கும் பதிவானது. அடுத்து நிர்வாகக் குழப்பம். கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் பிரபுல் படேலின் பதவிக்காலம் 2020 டிசம்பரிலேயே முடிந்திருந்தது, தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை அகற்றி நிர்வாகக் குழுவை அமைத்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி ஆகஸ்ட் 15 அன்று ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. அதாவது, போட்டிக்கு இரண்டு மாதம் கூட இல்லாதபோது, போட்டியே கையைவிட்டுப் போகும் நிலை. ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது. பெரிய மனிதர்களின் நாற்காலிச் சண்டைக்குப் பதினாறு வயதுப் பெண்கள் பணயம்.

அக்டோபர் 11, புவனேஸ்வர் கலிங்கா மைதானம். அமெரிக்காவிடம் 0-8. மூன்று நாள் கழித்து மொராக்கோவிடம் 0-3. அக்டோபர் 17 அன்று பிரேசிலிடம் 0-5. மூன்று ஆட்டத்தில் 16 கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் அணி வெளியேறியது. அந்த அணியில் ஆறு பேர் ஜார்கண்ட் பெண்கள்.

இதில் மொராக்கோ ஆட்டம்தான் நமக்குப் பாடம். மொராக்கோவுக்கும் அதுதான் இந்த வயதுப் பிரிவில் முதல் உலகக் கோப்பை. இடைவேளை வரை 0-0. மூன்று கோலும் இரண்டாம் பாதியில் விழுந்தன. நம் பெண்களுக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. ஆனால் மொராக்கோ ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து வந்த அணி. இந்தியா போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேராக உள்ளே வந்த அணி. மைதானத்தைச் சீரமைக்கவும் விளக்கு போடவும் நம்மிடம் பணம் இருந்தது. வாராவாரம் ஆடுவதற்கான லீக் மட்டும் பெண் குழந்தைகளுக்கு இல்லை. பெரியவர்களுக்கான இந்தியப் பெண்கள் லீக்கே 2016-17இல்தான் தொடங்கியது.

தோல்விக்குப் பிறகு 'நம் பெண்களுக்கு உடல்வலு போதாது' என்று எழுதியவர்கள் உண்டு. சத்துணவு என்பது சமூகவியல் கேள்வி. தலைமுறை தலைமுறையாக யார் தட்டில் என்ன விழுந்தது என்பதை மறைத்துவிட்டு உடலைக் குறை சொல்வது சாதியச் சமூகத்துக்குப் பழகிப்போன தந்திரம்.

அப்படிச் சொன்னவர்களுக்கு 2025 அக்டோபரில் பதில் வந்தது. இந்த முறை நடத்தும் நாடு என்ற சலுகை எதுவும் இல்லை. கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் தகுதிச் சுற்று. முதலில் கிர்கிஸ்தானை 2-1 என்று வென்றார்கள். அக்டோபர் 17 அன்று உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது தண்டாமணி பாஸ்கே மாற்று ஆட்டக்காரராக இறங்கிச் சமன் செய்தார். பிறகு ஜார்கண்டின் அனுஷ்கா குமாரி வெற்றிக் கோலைப் போட்டார். சீனாவில் நடக்கும் 2026 ஆசியக் கோப்பைக்கு அணி தகுதி பெற்றது. தகுதிச் சுற்றில் ஆடி இந்தப் பிரிவில் இந்தியா உள்ளே போனது இதுவே முதல் முறை. பாஸ்கே என்பது சந்தால் மக்களின் குலப்பெயர். 2022இலிருந்து அதே நாளில், மூன்றே ஆண்டுகளில், 0-5க்கு இந்தப் பதில்.

எனவே இந்த வரலாற்றை 'வறுமையை வென்ற வீராங்கனைகள்' என்று சுருக்கிவிடாதீர்கள். வறுமை மழை மாதிரி வானத்திலிருந்து விழவில்லை. நிலம் போனது, கூலி குறைந்தது, பள்ளியில் மைதானம் இல்லை. எல்லாவற்றுக்கும் முடிவெடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு பெண் இத்தனையையும் தாண்டி வந்தால் அது அவருடைய உழைப்பு. தாண்ட முடியாமல் நின்றுபோன நூறு பெண்களின் கணக்கு அரசின் பொறுப்பு.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் மாவட்டத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் எத்தனையில் விளையாட்டு மைதானம் இருக்கிறது, எத்தனையில் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார், பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டில் எத்தனை போட்டிகள் நடந்தன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலை ஊருக்குச் சொல்லுங்கள். ஒரு பெண் கேப்டன் ஆன பிறகு போடும் சாலை வெறும் மரியாதை. எந்தப் பெண்ணும் கேப்டன் ஆவதற்கு முன்பே இருக்க வேண்டிய சாலைதான் உரிமை.