பத்து வெள்ளி

சென்ற வாரம் கதையை லண்டனில், பிரபுக்கள் சபையின் வாசலில் நிறுத்தியிருந்தேன். 1880 ஆகஸ்ட். குத்தகை கட்ட முடியாமல் வீட்டை விட்டுத் துரத்தப்படும் அயர்லாந்துக் குடியானவர்களுக்கு நட்டஈடு கேட்கும் மசோதா, மக்கள் சபையைத் தாண்டி அங்கே வந்திருந்தது. ஆதரவு 51, எதிர்ப்பு 282. மசோதா செத்தது. நாடாளுமன்றத்தில் ஓயாமல் குரல் கொடுத்த அயர்லாந்துத் தலைவர் பார்னெல் ஊர் திரும்பி மக்களைத் திரட்டினார். போராட்டம் பல ஆண்டுகள் நீண்டது. 1903-இல் வந்த சட்டம் அரசாங்கமே கடன் தந்து, குத்தகைக்காரன் உழுத நிலத்தை அவனே வாங்கிக்கொள்ள வழி செய்தது.

அரை நூற்றாண்டு கழித்து, உழைத்தவனுக்கே நிலம் கிடைக்குமா என்ற அதே கேள்வி நம் மலாயாவுக்கு வந்தது. கடன் தரும் சட்டம்தான் வரவில்லை.

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து சுங்கை பாலாஸ் பக்கம் ஏறிப் போனால் தேயிலைச் சரிவு துண்டாகாமல் முழுசாகக் கிடக்கிறது. பறித்த கொழுந்து வாடிக் கெடுவதற்குள் ஆலைக்குப் போயாக வேண்டும்; ஆலையில்லாத துண்டுத் தோட்டம் எதற்கும் ஆகாது. கீழே ரப்பர் காட்டின் கதை வேறு. பாலை உறைய வைத்து ஷீட் போட ஒரு கொட்டகை போதும். ஐந்து ஏக்கரும் தனியாகப் பிழைக்கும். அதனால்தான் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு போட முடிந்தது.

1950களில், சுதந்திரம் நெருங்க நெருங்க, வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். காலையில் ஆளெடுக்கும் பெரட்டு நின்றது. புது முதலாளிக்குப் பழைய ஆட்கள் வேண்டாம். வேலை போனால் குடியிருந்த லயமும் போகும்; லயம் போனால் கோயிலும் பள்ளிக்கூடமும் யாருக்கு? பலருக்குக் குடியுரிமைகூட இல்லை. அயர்லாந்துக் குடியானவனுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஒரு கட்சியே இருந்தது. ஓட்டு இல்லாதவனுக்காக யார் பேசுவார்? பேசினாலும், இங்கே நிலம் மாநிலங்களின் அதிகாரம்.

அமைச்சரவையில் இருந்த வீ. தி. சம்பந்தனுக்கு இது தெரியும். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், தோட்ட உரிமையாளரின் மகன். தோட்டம் விற்பனைக்கு வருகிறதா, தொழிலாளியே வாங்கட்டும் என்றார். 1960 மே 14-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம்.

பத்து வெள்ளி! அரிசிக்கடைப் பற்று, பிள்ளையின் சிலேட்டு, மருந்துச் செலவு எல்லாம் போக அதை ஒதுக்கியாக வேண்டும். சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிக் கேட்டார். இதைவிடக் கடினமான பிரசாரத்தை நம் அரசியல்வாதி எவரும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வறுமைப்பட்டவனிடம் ஓட்டு கேட்பது வேறு, காசு கேட்பது வேறு.

காசு சேர்ந்தது. 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைமாறும் நிலைக்கு வந்தது. நாளெல்லாம் அடுத்தவன் மரத்தில் பால் வெட்டியவர்கள், முதல் முறையாக, வாங்க வந்தவர்களாக எதிரே நின்றார்கள். விலையோ லட்சங்களில்.

(அடுத்த வாரம்: புக்கிட் சிடிம்)