ஒதுக்கப்பட்டோரின் வீட்டில் ஒரு திண்ணை

கொழும்புக்குத் தெற்கே இரத்மலானையில், செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமென 1912 ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட பாடசாலையை இந்நாட்டுப் பத்திரிகை வாசகர்கள் அறிவர். இளம் நிருபனாக இருந்த காலத்தில் செய்தி ஒன்றின் பொருட்டு ஒருமுறை அங்கு சென்றிருந்தேன். ஒரு புறம், ஒலியின்றிக் கைகளால் ஓயாது உரையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள். மறுபுறம், பாட்டும் பேச்சுமாகப் பிரெயில் ஏடுகளை விரல்களால் வருடிக்கொண்டிருந்த பிள்ளைகள். இரண்டு புலன்களையும் இழந்த பிள்ளையொன்று வந்தால் அது எந்தப் பக்கத்தில் அமரும் என்ற கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்கச் செவிப்புலனற்றோரின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பின்னரே தோன்றிற்று. அந்த வரலாற்றில் இக்கேள்வி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்திருக்கின்றது.

செவியும் விழியும் முற்றாகவோ பெருமளவிலோ செயலிழந்தவர்களை இக்கட்டுரையில் இருபுலனற்றோர் எனக் குறிப்பிடுகின்றேன். அவ்வாறானோர் என்றதும் நம்மவருக்கு நினைவில் வருபவர் ஹெலன் கெல்லர் ஒருவரே. அவர் பிறந்தது 1880 இல். கதையோ அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஆரம்பிக்கின்றது.

1817 இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரில், தோமஸ் ஹொப்கின்ஸ் கலோடெட் என்பவரும் செவிப்புலனற்ற பிரெஞ்சு ஆசிரியரான லோரான் கிளார்க் என்பவரும் செவிப்புலனற்றோருக்கான பாடசாலையொன்றை நிறுவினர். அமெரிக்கச் சைகை மொழி உருப்பெற்ற இடங்களுள் அது தலையாயது. 1825 இல் அங்கு ஜூலியா பிரேஸ் என்னும் பெண் சேர்க்கப்பட்டாள். 1807 இல் பிறந்த அவள், ஐந்து வயது நிரம்பு முன்னரே காய்ச்சலினால் இரு புலன்களையும் இழந்தவள். அங்கிருந்த செவிப்புலனற்ற பெண்களின் கைகளைத் தன் கைகளால் தொட்டுணர்ந்து அவர்களது சைகை மொழியைக் கற்றுக்கொண்டாள். தைத்தாள், ஊசியில் நூலை நாவினால் கோத்தாள், சலவைத் துணிகளை மணத்தைக் கொண்டே இன்னாருடையதென வகைப்படுத்தினாள். முப்பத்தைந்து ஆண்டுகள் அளவில் அவ்வில்லத்திலேயே வாழ்ந்தாள். அவளுக்கெனத் தனிமுறை எதனையும் அறிஞர் எவரும் வகுத்ததாகத் தெரியவில்லை. கண்ணால் காணும் மொழியைப் பேசியோர் அதனைக் கையால் தொட அவளை அனுமதித்தனர். நடந்தது அவ்வளவே.

1834 இல் ஜூலியாவைக் காண ஒருவர் வந்தார். பொஸ்டனில் விழிப்புலனற்றோர் பாடசாலையை நடத்திய டொக்டர் சாமுவேல் கிரிட்லி ஹோ. சைகைகளை அவர் உயர்வாக மதித்தவரல்லர். எழுத்துக்களாலான ஆங்கிலமே அறிவின் வாயில் என்பது அவரது துணிபு. 1837 இல் லோரா பிரிட்ஜ்மன் என்ற ஏழு வயதுச் சிறுமி அவரது பாடசாலைக்கு வந்தாள். கரண்டி, திறப்பு முதலிய பொருள்களில் புடைப்பெழுத்துச் சீட்டுக்களை ஒட்டி அவளுக்கு ஆங்கிலம் புகட்டினார். பின்னர் உள்ளங்கையில் விரலெழுத்துக்களால் உரையாடப் பழக்கினார். 1842 இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அவளைக் கண்டு தமது அமெரிக்கப் பயண நூலில் எழுத, லோரா உலகப் புகழ் எய்தினாள்.

லோராவை 1841 இல் ஹார்ட்போர்ட்டுக்கு அழைத்துச் சென்று ஜூலியாவைச் சந்திக்க வைத்தனர். ஒரே வகையான இருளிலும் மௌனத்திலும் வாழ்ந்த இருவர். ஆயினும் ஒருத்தியின் மொழி ஆங்கில விரலெழுத்து, மற்றவளின் மொழி சைகை. பேச இருவருக்கும் பொதுமொழி இருக்கவில்லை. மறு ஆண்டு ஜூலியாவையே பொஸ்டனுக்கு வரவழைத்து விரலெழுத்துக் கற்பிக்க முயன்றார் ஹோ. ஏறத்தாழ ஓராண்டில் அவள் ஹார்ட்போர்ட்டுக்கே திரும்பிவிட்டாள். இதனைக் கல்வி முயற்சியொன்றின் தோல்வி எனச் சொல்வோர் சொல்லலாம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணொருத்தி, தன் மொழியும் தோழியரும் இருந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்றே நான் கொள்கின்றேன்.

வரலாறு ஜூலியாவின் வழியைப் பின்பற்றவில்லை. லோராவின் வழியையே பின்பற்றியது. டிக்கன்ஸின் நூலை வாசித்த ஹெலன் கெல்லரின் தாயார் தம் மகளுக்கும் வழியுண்டென நம்பினார். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் ஆலோசனைப்படி பொஸ்டன் பாடசாலையுடன் தொடர்பு ஏற்பட்டது. அங்கு லோராவிடமே விரலெழுத்தைப் பழகியிருந்த ஆன் சலிவன் 1887 இல் அலபாமாவுக்குச் சென்றார். பின்னர் நடந்தவற்றை உலகறியும்.

செவிப்புலனற்றோர் சமூகத்தில் பெல் என்ற பெயருக்கு வேறொரு பொருள் உண்டு. சைகை மொழியை ஒழித்து, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசவே பிள்ளைகளைப் பழக்க வேண்டுமென வாதிட்டோரின் தலைவர் அவர். செவிப்புலனற்றோர் தமக்குள் மணம் புரிவதனைக்கூட ஆபத்தாகக் கண்டு 1883 இல் ஆய்வுரை நிகழ்த்தியவர். 1880 இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு வாய்மொழிக் கல்வியே சிறந்ததெனத் தீர்மானித்ததன் பின்னர், பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை விரட்டப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் பலர் தொழில் இழந்தனர். ஹெலன் கெல்லர் 1896 இல், தமது பதினாறாவது வயதில், பிலடெல்பியாவில் பெல்லின் சங்கத்துக் கூட்டத்தில் வாய்ப்பேச்சுக்கு ஆதரவாக உரையாற்றினார். 1903 இல் வெளிவந்த தம் சுயசரிதையைப் பெல்லுக்கே சமர்ப்பித்தார். உலகம் கொண்டாடிய அப்பெண்மணியைச் செவிப்புலனற்றோர் பலர் தம்மவராக உணர முடியாமற் போனமைக்கு இதனைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முற்றுகையிடப்பட்ட சமூகம் தன்னிடம் எஞ்சியிருப்பதனை இறுகப் பற்றிக்கொள்ளும். செவிப்புலனற்றோரிடம் எஞ்சியிருந்தவை கண்ணும் கையும். அவர்களது தலைவர் ஜோர்ஜ் வெடிட்ஸ், சைகை மொழியைக் காக்க வேண்டுமென 1913 இல் சைகையிலேயே பேசிய உரை திரைப்படமாக இன்றும் உண்டு. தம்மைக் கண்ணின் மக்கள் என அழைத்துக்கொள்ளும் பெருமிதமும் அத்தலைமுறையிலிருந்தே வருகின்றது. நியாயமான பெருமிதம். ஆனால் கண்ணின் மக்கள் என்று சொல்லும்போது, கண்ணை இழந்துகொண்டிருப்பவர் யாருடைய மக்கள்?

இது வெறும் தர்க்கக் கேள்வியன்று. 1861 இல் ரிச்சர்ட் லீப்ரைக் என்னும் மருத்துவர் பேர்லினில் செவிப்புலனற்றோரைப் பரிசோதித்து, அவர்களுள் சிலருக்கு விழித்திரை படிப்படியாகச் சிதையும் நோய் இருப்பதைக் கண்டார். 1914 இல் பிரித்தானியக் கண் மருத்துவர் சார்ள்ஸ் அஷர் இது பரம்பரையாக வருவதென வலியுறுத்தினார். அவர் பெயரே அந்நோய்க்கு நிலைத்தது. அதன் ஒரு வகையில் பிள்ளை செவிப்புலனின்றிப் பிறக்கும். செவிப்புலனற்றோர் பாடசாலையில் சைகை மொழியோடு வளரும். பதின்ம வயதளவில் இரவில் பார்வை மங்கும். பின்னர் பக்கப் பார்வை ஒடுங்கி, குழாயினூடாகப் பார்ப்பது போலாகும்.

மாலை வேளையில் செவிப்புலனற்றோர் கழகமொன்றில் இத்தகைய இளைஞன் நிற்பதை எண்ணிப் பாருங்கள். பக்கத்திலிருந்து கையசைத்து அழைப்பவரை அவன் காணான். அலட்சியம் செய்கின்றான் என்பர். மங்கிய வெளிச்சத்தில் ஒருவர் மேல் மோதுவான், நாகரிகமற்றவன் என்பர். சைகைகளை மார்பளவில் சுருக்கிச் செய்யுமாறு கேட்டால் இரு நிமிடங்கள் செய்வர். பின்னர் பழையபடி விரிந்துவிடும். வட்டமாக நின்று உரையாடும்போது யார் பேசுகின்றார் எனத் தேடுவதற்குள் பேச்சு இன்னொருவரிடம் போய்விடும். பார்வை குறைவதனைப் பல ஆண்டுகள் மறைத்து வாழ்ந்ததாக இருபுலனற்றோர் பலர் கூறியிருக்கின்றனர். செவியின்றி வாழ்வதைக் குறையாகக் கருதாத சமூகத்திலும் பார்வையிழப்பு பெரும் அச்சத்துக்குரியதாகவே இருந்தது. கைகளைத் தொட்டுக்கொண்டு பேச முயல்பவன் அந்த அச்சத்தை அருகே கொண்டுவருபவனானான்.

1988 இல் வாஷிங்டனில் உள்ள கலோடெட் பல்கலைக்கழக மாணவர்கள் போராடி, 124 ஆண்டு வரலாற்றில் முதன்முறையாகச் செவிப்புலனற்ற ஒருவரைத் தலைவராக்கினர். அவ்வெற்றி உலகெங்கும் அச்சமூகத்தைத் தலைநிமிரச் செய்தது. அவ்வீட்டுத் திண்ணையில் இருந்தோரின் நிலைமை அதனால் தானாக மாறிவிடவில்லை.

மாற்றம் சியாட்டில் நகரிலிருந்து வந்தது. விழிப்புலனற்றோருக்குத் தொழில் வழங்கும் நிறுவனமொன்று அங்கு இருந்தமையால் இருபுலனற்றோர் பலர் அந்நகரில் குடியேறினர். அவர்களுக்கான சேவை நிலையமும் உருவாகியது. தொடுசைகை மொழிபெயர்ப்பாளர்களும் தொண்டர்களும் வந்தனர். அவர்களுள் செவிப்புலனற்றோரும் கணிசமாக இருந்தனர் என்பதை மறைப்பது அநீதியாகும். ஆயினும் அங்கு ஒரு விந்தை நிலவியது. இருபுலனற்ற இருவர் கூட்டமொன்றில் ஒருவரோடொருவர் உரையாடுவதற்கும் இடையில் பார்வையுள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றே எல்லோரும் எண்ணினர். உதவி பெருகப் பெருக, நேரடித் தொடர்பு அரிதாகியது.

2007 அளவில் ஜெலிக்கா நுச்சியோ, ஏ. ஜே. கிராண்டா என்னும் இருபுலனற்ற பெண்மணிகள் இருவர் இந்நிலையை மாற்றத் துணிந்தனர். 2010, 2011 ஆம் ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளர் எவருமின்றி, இருபுலனற்றோர் மட்டுமே பங்குபற்றிய வகுப்புக்களை நடத்தினர். புரோடக்டைல் என வழங்கும் தொடுமொழி இயக்கம் அவ்வாறு வளர்ந்தது. அதில் கேட்பவர் பேசுபவரின் தொடையிலோ கையிலோ தட்டித் தட்டி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என உணர்த்துவார். பார்வையுள்ளோர் தலையசைப்பதற்கு ஈடானது அது. சிரிப்பையும் விரல்களால் உடலில் உணர்த்துவர். ஓர் அறையின் அமைப்பை விளக்க, கேட்பவரின் முதுகோ உள்ளங்கையோ வரைபடமாகும். காற்றில் வரைந்த சைகை இங்கு கேட்பவரின் உடலிலேயே நிகழ்கின்றது. இதற்கெனத் தனி ஒலியனியல் போன்ற ஒழுங்கு உருவாகி வருவதை ரெரா எட்வேர்ட்ஸ், டயான் பிரென்டாரி என்னும் ஆய்வாளர்கள் 2020 இல் மொழியியல் ஆய்விதழொன்றில் எடுத்துக்காட்டினர்.

இவ்வியக்கத்தின் முக்கிய எழுத்தாளர் ஜோன் லீ கிளார்க், செவிப்புலனற்ற குடும்பத்தில் பிறந்து பார்வையை இழந்தவர்; கவிஞர். எட்ட நின்று பழகுவதே இயல்பென எண்ணி, தொடுகையை ஒதுக்கும் மனப்பாங்குக்கு அவர் தனிப்பெயர் சூட்டினார். அதனைத் தமிழில் 'தூரவாதம்' எனலாம். செவியுள்ளோர் மீது மட்டும் அவர் வைத்த குற்றச்சாட்டன்று அது; கண்ணின் மக்களுக்கும் அது பொருந்தும். 2020 இல் கொள்ளை நோயினால் உலகமே இடைவெளி காக்கப் பணிக்கப்பட்டபோது, இச்சொல்லின் பாரம் இன்னும் தெளிவாயிற்று. மற்றவர்களுக்கு இடைவெளி சுகாதார விதி. இவர்களுக்கோ அது மொழியையே பறிப்பது.

தன் மொழியைக் காக்கப் போராடிய சமூகம் தன்னுள்ளேயே சிலரை மொழியற்றோராக விட்டுவைத்ததே என அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஒதுக்கப்பட்டோர் தமக்கென அமைக்கும் வீட்டிலும் உள்வீடும் திண்ணையும் உருவாகிவிடும் என்பதை, இந்நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிய எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்ணையில் இருப்போருக்குத் தண்ணீரும் உணவும் தவறாமல் வழங்குவது இரக்கம். உள்ளே அழைத்து, அவருக்கு விளங்கும் விதத்தில் நம் பேச்சையே மாற்றிக்கொள்வதுதான் ஏற்றுக்கொள்ளல். ஹார்ட்போர்ட்டின் பெண்கள் பெயரும் புகழுமின்றி இதனைச் செய்தனர். அவர்கள் செய்ததனைச் சியாட்டிலில் மீண்டும் கண்டுபிடிக்க ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. அதுவும், திண்ணையில் இருந்தோர் தாமே எழுந்து செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் அமரும் என்று கேட்டிருந்தேன். யார் தம் கையைத் தொட விடுகின்றாரோ, அவரருகில்.