ஆற்றல் சமநிலை

ஆற்றல் சமநிலை என்பது உணவின் மூலம் உடல் பெறும் ஆற்றலும் அது செலவிடும் ஆற்றலும் ஒத்திருக்கும் நிலை ஆகும். ஒரு கிராம் கார்போவைதரேட்டு அல்லது புரதம் ஏறத்தாழ 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரியும் தருகின்றன. அமர்ந்தே பணிபுரிவோருக்கு ஆற்றல் செலவு குறைகிறது. உணவின் அளவு குறையாவிடில் எஞ்சும் ஆற்றல் உடலில் கொழுப்பாகச் சேர்கிறது.

உணவைக் குறைப்பது மட்டும் போதுமானதன்று. 1953 இல் ஜெர்ரி மோரிசு குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இலண்டன் ஈரடுக்குப் பேருந்துகளில் படியேறி இறங்கிய நடத்துனர்களைவிட, அமர்ந்தே பணிபுரிந்த ஓட்டுனர்களிடம் இதயத் தமனி நோய் கூடுதலாகக் காணப்பட்டது. உடற்பயிற்சி மட்டுமே செய்வதும் போதாது. அரைமணி நேர நடையில் செலவாகும் ஆற்றலைச் சிறிதளவு எண்ணெய்ப் பலகாரம் ஈடுசெய்துவிடும்.

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கத்தில் ஈடுபடுமாறு உலக சுகாதார அமைப்பு 2020 இல் பரிந்துரைத்தது.